கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவர்கள் எப்படி வழமைக்குத் திரும்பினீர்கள்?

முள்ளியவளைத் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து நடந்து வந்த கூட்டத்தோடு சேர்ந்து கதிர்காமம் வரை நடந்தேன். கொடியேற்றம் கண்குளிரப் பார்த்தேன். திருவிழா முடிகிற தீர்த்தம் வரை நிற்க ஆசைதான். மகளுக்குத் தவணைப் பரீட்சை, அதனால் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஸ் பயணத்திலேயே மனம் குழம்பத் தொடங்கிவிட்டது. காலில் கொப்புளத்தோடு ஒரு முழுப்பகல் நடந்த தூரமெல்லாம் ஒரு குட்டித் தூக்கத்துக்குள் போய்விட்டது. வெருகலில் எந்த மரத்தடியில் படுத்தோம் என்று யன்னலால் எட்டிப் பார்ப்பதற்குள் பாலம் பின்னால் போய்விட்டது. இறங்கி நடக்க வேண்டும் போல இருந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு வருகிறது. அந்த நேரம்தான் வழியில் எழும்பிக் குளித்து, திருநீறு பூசி, அரோகரா சொல்லி வெளிக்கிடுவோம். இங்கே எழும்பி எங்கே போவது? திண்ணையில் குந்தியிருக்கிறேன். தைக்கக் கொடுத்த சட்டைத்துணிகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. மிசின் மிதியில் கால் வைத்தால், பாதம் தடித்துப்போய் மிதி இருப்பதே தெரியவில்லை. கால் எவ்வளவு அமத்துகிறது என்று ஊசி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

மத்தியானம் என்ன சமைப்பது என்று யோசிப்பதே பாரமாக இருக்கிறது. வழியில் யாரோ முன்பின் தெரியாத வீட்டுக்காரர் இலையில் போட்டதைத்தானே சாப்பிட்டோம். இங்கே கடன் தவணை வாங்க வருகிற தம்பியும் கிழமை தவறாமல் படலையில் வந்து நிற்கிறார். இதெல்லாம் முன்பும் இருந்ததுதான்.

வருகிறவர்கள் எல்லோரும் யானை கண்டீர்களா, கரடி கண்டீர்களா என்றுதான் கேட்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டி, கூமுனை ஆற்றில் குளித்துச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் கடை இல்லை, வீடு இல்லை. தண்ணீர்தான் எல்லாம். விசுவமடுவிலிருந்து வந்த ஓர் அம்மா, காணாமல் போன மகனின் படத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் துணிப்பொட்டலத்துக்குள் கொண்டு வந்தா. நாவலடிக்கும் வியாழைக்கும் இடையில் வெயிலில் எனக்குத் தலை சுற்றியபோது, போத்தலில் மிஞ்சியிருந்ததில் முதல் வாயை எனக்குத் தந்துவிட்டுத்தான் அவ குடித்தா. அந்த நடையில் என் கவலை என்று தனியாக ஒன்று இருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அது திரும்ப என்னுடையதாகிவிட்டது.

வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் “போய் வந்தாச்சுத்தானே, இனி அலுவலைப் பாரும்” என்கிறார். நடந்து வந்த மற்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? என்ன செய்தீர்கள்?

ஒட்டுசுட்டான் கமக்காரன்:

தங்கச்சி, அரோகரா. யுத்த காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து நடை நின்றுபோனது. பாதை திறந்த பிறகு நான் பலமுறை போயிருக்கிறேன். நீங்கள் சொல்வது எனக்கும் வந்தது, கூட நடந்த அநேகருக்கும் வந்தது.

என் எண்ணத்தில் உங்கள் யாத்திரை இன்னும் முடியவில்லை. கொடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மாணிக்க கங்கையில் தீர்த்தமாடித்தான் திருவிழா நிறைவாகிறது. அதுவரை வீட்டிலேயே விரதம் இருங்கள். பாயில் படுங்கள், மரக்கறிதான் சாப்பிடுங்கள், மாலையைக் கழட்டாதீர்கள். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் வரட்டும், முற்றம் கூட்டி விளக்கேற்றுங்கள். தீர்த்தத்தன்று கிணற்றடியில் தலைக்கு முழுகிவிட்டு, வீட்டாரையும் கூட்டிக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போய் மாலையைக் கழட்டுங்கள். பஸ்ஸில் ஏறிய இடத்தில் அறுந்த மாதிரி இருப்பதை இப்படித்தான் முடிச்சுப் போட வேண்டும்.

நான் வந்து சேரும்போது சிறுபோக வெட்டு நெருங்கிவிடும். வெட்டு மிசின் பிடிக்க வேண்டும், நெல் காயப்போட வேண்டும், ஒரு நாளும் சும்மா இருக்கக் கிடைக்காது. என்றாலும் பின்னேரத்தில் குளக்கட்டால் ஒரு நடை நடந்தே தீருவேன். இவ்வளவு தூரம் நடந்த காலை ஒரேயடியாக மடக்கி வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் இங்கே தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு, கூட வந்த சாமிமாரில் சிலர் வருவோம். யானைக் கதை கேட்காத ஆட்கள்.

வார்ட் தாதி:

அக்கா, மனதுக்கு அண்ணை சொல்லிவிட்டார், நான் உடம்புக்குச் சொல்கிறேன். பாதம் தடித்ததைப் பிளேடால் சீவ வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். நகம் கறுத்திருந்தால் பிடுங்காதீர்கள், புது நகம் வளர வளர அது தானாகக் கழரும். மரப்பு குறையாவிட்டால், அல்லது சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தால், கிளினிக்கில் காட்டியே ஆக வேண்டும். சீனி உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் நோவு தெரியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆற்றிலும் குளத்திலும் காலில் புண்ணோடு இறங்கியிருக்கிறீர்கள். அடுத்த சில கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் நோவு, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோலோடு வீட்டில் படுக்க வேண்டாம். காட்டுப்பாதையில் பூச்சி கடித்துக் கறுத்த பொருக்கு ஏதும் இருக்கிறதா என்றும் உடம்பைப் பாருங்கள். டாக்டரிடம், கதிர்காமம் நடந்து போனேன், ஆற்றில் குளித்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள்.

கிளிநொச்சி அப்பா:

நான் நடந்தவன் இல்லை, என் மனைவி நடந்தவ. வீட்டில் நின்றவன் பக்கத்தையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

அவ போன நாளிலிருந்து சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாடு, தண்ணீர் மோட்டர் எல்லாம் நான்தான். உகந்தைக்குப் பிறகு போன் வேலை செய்யாது. அந்த நாட்களில் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அவ வந்து கதை கதையாகச் சொன்னா. எனக்கும் சொல்ல இருந்தது, யாரும் கேட்கவில்லை. “அலுவலைப் பாரும்” என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது கோபத்தால் இருக்காது, தங்கச்சி. நீங்கள் உண்மையிலேயே வந்துவிட்டீர்களா என்று தெரியாமல் சொல்கிறார் போல. ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நான் இல்லாத நேரம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

முள்ளியவளைத் தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சி அண்ணை, நேற்றிரவே கேட்டேன். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த கலண்டரைக் கழட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இரவும் நான் போனில் சொன்ன ஊரின் பெயரை அந்தந்த நாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், திருக்கோவில், பொத்துவில், உகந்தை. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள். அந்த நாட்களில் எங்கே படுத்தோம் என்று நான் சொல்லச் சொல்ல, மகள் அந்தக் கட்டங்களில் எழுதினாள். சாமம் வரை கதைத்தோம்.

தாதித் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் விசுவமடு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம், கால் நோவும் இருக்காம். நடந்த களைப்பு என்று நினைத்துப் படுத்திருந்திருக்கிறா. மருமகன் இப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

ஒட்டுசுட்டான் அண்ணை, விரதத்தை விடாமல் இருக்கிறேன், மாலையும் கழுத்தில்தான். வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லோரும் கோயிலுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்? நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் வருகிறோம்.