மைக்காவில் வளர்ந்த இண்டியம் செலினைடு: ராமனில் 104 வரவில்லை, 110 வருகிறது

நிபோங்திபால்_உலை
வணக்கம் அண்ணன்மாரே. மெமரி டிரான்சிஸ்டருக்கு, மின்துருவம் புரளக்கூடிய ஆல்பா வகை இண்டியம் செலினைடு வேண்டும். குவார்ட்ஸ் குழாயின் நடுவில் இண்டியம் ஆக்சைடு, 660 டிகிரி. வாயு நுழையும் பக்கம் செலினியம், 270 டிகிரி. ஆர்கானில் 20 விழுக்காடு ஹைட்ரஜன், மொத்தம் 50 எஸ்சிசிஎம் (நிமிடத்துக்கு இத்தனை கன சென்டிமீட்டர் வாயு). வாயு போகும் பக்கம், படிகம் வளர மைக்கா (அபிரக) தகடு. 10 நிமிடத்தில் முக்கோணங்கள் அழகாக வருகின்றன, தடிமன் 3 முதல் 8 நானோமீட்டர். ஆனால் ராமனில் (லேசர் ஒளிச்சிதறலைப் பார்க்கும் சோதனை) முதல் முகடு 110 செ.மீ.⁻¹-இல் நிற்கிறது. மைக்காவில் வைத்தே பிஎஃப்எம் (ஊசிமுனையால் வோல்ட் கொடுத்துத் துருவத்தைப் பார்க்கும் நுண்ணோக்கி) பார்த்தால், 6 வோல்ட் கொடுத்தும் துருவம் புரளவில்லை.

பீட்டா_விரட்டி
உங்களிடம் இருப்பது பீட்டா, அதே சேர்மத்தின் வேறு படிக அமைப்பு. ஆல்பாவின் முகடு 104-ஐ ஒட்டி வரும். வளர்க்கும் சூட்டில் பீட்டாதான் நிலையானது; மைக்காவோடு ஒட்டிய மெல்லிய படலம் ஆறிய பிறகும் அப்படியே தங்கிவிடும். உலையை மெதுவாக ஆறவிட்டால் சரியாகும் என்று நம்பி நாளைக் கழிக்காதீர்கள்.

முதலில் விலைக்கு வாங்கிய ஆல்பா படிகத்தை டேப்பால் உரித்து, அதே கருவிகளில் பாருங்கள். ஒப்பிட ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ராமன் லேசரை 1 மில்லிவாட்டுக்குள் வையுங்கள். ஆல்பா சுமார் 200 டிகிரியிலேயே பீட்டாவாகிவிடும், லேசர் சூடே அதற்குப் போதும். துணுக்கை மாற்றுவதற்குப் பூசும் பிஎம்எம்ஏ பாலிமரை 180 டிகிரியில் சுடும் வழக்கத்தையும் விடுங்கள். 110 டிகிரியில் கூடுதல் நேரம் வைத்தால் போதும்.

227-இலும் முகடு தெரிந்தால் இண்டியம் மோனோசெலினைடு கலந்திருக்கிறது. ஆக்சைடு ஆவியாகிக்கொண்டிருக்கும்போதே செலினியம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

டிப்_தேய்ந்தவர்
துருவம் புரளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்கா மின்கடத்தாப் பொருள், அடியில் எலெக்ட்ரோடே இல்லை. 6 வோல்ட்டில் பெரும்பகுதி மைக்காவிலேயே விழுந்துவிடும். துணுக்கைத் தங்கப் படலத்துக்கோ கிராஃபைட்டுக்கோ மாற்றுங்கள். மைக்கா நீரை விரும்பும்; பாலிமர் பூசி ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் தானே கழன்றுவரும்.

நம் பினாங்கின் ஈரக் காற்றில் டிப்புக்கு (பிஎஃப்எம் ஊசிமுனை) அடியில் நீர்ப்படலம் கட்டும், மின்னூட்டம் அதில் பரவி, துருவம் புரள்வதுபோல் வரைபடத்தில் போலி வளையம் காட்டும். உலர் நைட்ரஜன் ஓடவிட்டு, வோல்ட்டை நிறுத்திய நிலையில் வளையம் எடுங்கள். டிப்பால் வோல்ட் கொடுத்து எழுதிய கட்டத்தை மறுநாளும் பாருங்கள். மின்னூட்டம் மட்டும் என்றால் பெரும்பாலும் மங்கியிருக்கும்.

நிபோங்திபால்_உலை
லேசர் 5 மில்லிவாட்டில் இருந்தது! உரித்த படிகத்தோடு மறுபடி எடுக்கிறேன். கழிவு வாயுவை இப்போது நீர்க் குப்பி வழியாக விடுகிறோம், போதுமா?

பீட்டா_விரட்டி
போதாது தம்பி. ஹைட்ரஜனும் செலினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் செலினைடு வரும். அது நச்சு வாயு, அதன் வேலையிட வரம்பே 0.05 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு). சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் குப்பி வையுங்கள். அதற்கு முன்னால் வெற்றுக் குப்பி ஒன்று கட்டாயம். இல்லையென்றால் உலை ஆறும்போது கரைசல் குழாய்க்குள் உறிஞ்சப்படும். எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே (புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு). நாற்றம் வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும்.