என்டி ஃபில்டர் போட்டால் கறுப்புக் கோட்டு அரக்கு நிறமாகிறது, உதவுங்கள்

கேள்வி:
நண்பர்களே, ஒரு குறும்படத்துக்கு உச்சி வெயிலில் எடுத்த காட்சி. 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர், ஐஎஸ்ஓ 800, அபர்ச்சர் 5.6. வெளிச்சம் அதிகம் என்பதால் லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் (என்டி 2.1) போட்டேன். கிரேடிங்கில் (நிறம் திருத்த) உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. கறுப்பு உடையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவருடைய பாலியெஸ்டர் கோட்டு அரக்காகத் தெரிகிறது, மற்றவருடைய பருத்திச் சட்டை கறுப்பாகவே இருக்கிறது. ஒயிட் பேலன்ஸைத் திருத்தினால் முகத்தில் பச்சை ஏறுகிறது. சென்சார் முன்னால் இருக்கும் ஓஎல்பிஎஃப் (ஆப்டிக்கல் லோ-பாஸ் ஃபில்டர்) கெட்டுவிட்டது, கழற்றிவிடு என்கிறார் கூட வேலை செய்பவர். இன்னும் இரண்டு நாள் ஷூட்டிங் பாக்கி. கழற்றலாமா?

பதில் 1:
தயவுசெய்து கழற்றாதீர்கள். ஓஎல்பிஎஃப் ஒளிப்புள்ளியை லேசாகப் பிரித்து விழவைக்கிறது; மெல்லிய கோடு போட்ட சட்டையில் அலை அலையாக மொய்ரே வராமல் தடுக்கத்தான் அது. அதற்கு விலையாகக் கொஞ்சம் கூர்மை போகும். உங்கள் நிறப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும் அதே அடுக்கில்தான் இருக்கிறது. கழற்றினால் இன்னும் மோசமாகும்.

இது ஐஆர் (அகச்சிவப்பு) கசிவு. என்டி 2.1 என்றால் 7 ஸ்டாப், அதாவது ஒளியை ஏழு முறை பாதியாக்குவது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 128-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆனால் சாதாரண என்டி, 700 நானோமீட்டருக்கு மேலே உள்ள அகச்சிவப்பை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சிலிக்கன் சென்சாரோ 1100 நானோமீட்டர் வரை உணரும். என்டி இல்லாதபோது பொருட்படுத்தத் தேவையில்லாத கசிவு, இப்போது படத்தில் பெரும்பங்காகிவிடுகிறது. செயற்கை இழையில் ஏற்றும் பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால்தான் துணிக்குத் துணி மாறுகிறது.

சோதித்துப் பாருங்கள்: அதே கோட்டு, அதே வெயில். என்டியைக் கழற்றி, அபர்ச்சர் 16, ஷட்டர் 11.25 டிகிரி. எக்ஸ்போஷர் மாறாது. கோட்டு கறுப்பாக வந்தால் குற்றவாளி என்டிதான்.

பதில் 2:
என்டியைக் குறைத்துவிட்டு அபர்ச்சரை 22 வரை மூடினால் போதாதா?

பதில் 1:
நிறம் தேறும், படம் மழுங்கும். 22-ல் ஒளி சிறிய துளையின் விளிம்பில் வளைந்து பரவும் விளிம்பு விளைவு, அதாவது டிஃப்ராக்‌ஷன், முகத்தின் நுணுக்கத்தையே தின்றுவிடும். பின்னணி மங்கலும் போய்விடும். ஐஎஸ்ஓவை 200-க்கு இறக்கினால் பல கேமராக்களில் ஹைலைட்டுக்கு 2 ஸ்டாப் இடம் குறையும், உச்சி வெயிலில் அது பெரிய இழப்பு. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர்என்டி ஃபில்டர்தான் நேர்வழி. ஹாட் மிரர் (அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் ஃபில்டர்) போடுவதானால் வைடு லென்ஸில் கவனம்: ஒளி சாய்ந்து விழும் ஓரங்களில் சிவப்பும் வெட்டுப்பட்டு மூலைகள் பச்சை பாயும்.

கேட்டவர்:
சோதித்தேன். என்டி இல்லாமல் கோட்டு சுத்தக் கறுப்பு! நாளைக்கு வாடகைக்கு ஐஆர்என்டி சொல்லிவிட்டேன். எடுத்து முடித்ததை என்ன செய்ய?

பதில் 3:
மொத்த ஃபிரேமையும் தொடாதீர்கள். கோட்டை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகப் பிரித்து), அது நகர்வதற்கேற்ப டிராக் போட்டு, சாச்சுரேஷனை (நிறச் செறிவை) குறையுங்கள். தலைமுடியையும் செடி இலைகளையும் ஒருமுறை பாருங்கள், அங்கேயும் கசிவு ஒளிந்திருக்கும். புது ஃபில்டர் வந்ததும் முதலில் அந்தக் கோட்டையே எடுத்துப் பாருங்கள். ஒரு கேமராவுக்கு ஒத்துப்போகும் ஐஆர்என்டி இன்னொன்றுக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.