இளகுதகைப்பு: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

களிமண் நனோத் துணிக்கைகளைச் சைலீன் போன்ற சேதனக் கரைப்பானில் பரப்பினால் வரும் கூழ், ஓரளவு வரை தள்ளினாலும் அசையாது; அதைத் தாண்டியதும் ஓடத் தொடங்கும். தகைப்பு என்பது ஓர் அலகுப் பரப்பின் மீதுள்ள விசை. அந்த எல்லைத் தகைப்புக்கு (ஆங்கிலத்தில் yield stress) தமிழில் விளைவுத் தகைப்பு, ஓட்டத் தகைப்பு, உடைதகைப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை.

விளைவது நெல். இங்கே எதுவும் விளையவில்லை. ஓட்டத் தகைப்பு என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள தகைப்பு என்றுதான் மாணவர் எடுப்பார்.

உடைதகைப்பு நல்ல சொல்தான், ஆனால் பொருள் பிழைக்கிறது. எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்தால் தயிர் அசையாது. கரண்டி போட்டால் உடையும். உடைந்த தயிர் பிறகு பழையபடி கட்டியாகாது. களிமண் கூழோ கலக்கினால் ஓடும், சும்மா விட்டால் திரும்பவும் இறுகும்.

போன மாதம் திருகோணமலையில் கரையில் ஏற்றியிருந்த வள்ளத்துக்கு ஒருவர் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். பேணிக்குள் இறுகிக் கிடந்தது. தடியை நட்டார், சாயாமல் நின்றது. நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்ப இளகிட்டுது" என்றார். வள்ளத்தின் பக்கத்தில் பூசியது வழியவே இல்லை. எனக்கு வேண்டிய சொல் அவர் வாயில் இருந்தது: அந்த எல்லையை இளகுதகைப்பு என்போம்.

இப்படிப் பெயின்றைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று மொண்ட்மொரிலோனைற் களி. அதன் தகடு சுமார் 1 நனோமீற்றர் கனம், அகலமோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இயற்கைக் களி நீரில் ஊதும், சைலீனில் ஊதாது. சோடியம் அயன்களை எடுத்துவிட்டு, நீண்ட ஐதரோகாபன் வால் கொண்ட அமோனிய அயன்களை வைத்தால்தான் சேதனக் கரைப்பானோடு சேரும். சிறிதளவு அற்ககோலும் சேர்த்து நன்றாகக் கலக்கினால் தகடுகள் பிரிந்து ஒன்றையொன்று தொட்டு வலைபோல் நிற்கும். அந்த வலை இளகும்வரை ஓட்டமில்லை.

எவ்வளவு தகைப்பு வேண்டும்? லீற்றருக்கு 1.2 கிலோகிராம் உள்ள பெயின்றை 0.2 மில்லிமீற்றர் கனத்தில் செங்குத்தாகப் பூசினால், சுவரை ஒட்டிய இடத்தில் ஈர்ப்பினால் வரும் தகைப்பு சுமார் 2.4 பஸ்கால். இளகுதகைப்பு இதைவிடக் கூட இருந்தால் வழியாது. இவ்வளவு சின்ன எண்தான் அந்த வள்ளத்தின் பக்கத்தைக் காப்பாற்றுகிறது!

இளகுவதற்குச் சூடு வேண்டாமா என்று கேட்பீர்கள். மண்ணைக் கொத்தி இளக்குகிறோம், அங்கே சூடு ஏது? மனம் இளகுகிறது. இறுகியது தளர்வதற்கெல்லாம் தமிழில் அதுதான் சொல். தகைவு என்று எழுதும் தமிழகத்து நண்பர்கள் இளகுதகைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மீதி. அசையாதிருப்பதை ஓடவைக்கத் தேவையான தகைப்பு, ஓடுவது நின்றுபோகும் தகைப்பைவிட வழமையாகக் கூடுதலாக இருக்கும். முதலாவது இளகுதகைப்பு. இரண்டாவதை இறுகுதகைப்பு என்பதா, அமர்தகைப்பு என்பதா? என் மனம் 'அமர்' பக்கம் சாய்கிறது. உங்கள் பக்கத்துப் பெயின்ற் வேலைக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.