ஸ்கோரில் இல்லாத ஏ ஃபிளாட்

உச்சஸ்தாயி:
கனத்த ஆண்குரலுக்கு மேடையில் பேர் வாங்கித் தரும் ஆரியா (ஆபராவின் தனிப்பாட்டு) ஒன்றே ஒன்றுதான்: ‘பாலியாச்சி’ ஆபராவில் பாரிடோன் பாடும் முன்னுரை. அந்த உச்ச ஸ்வரம், ஏ ஃபிளாட், வந்ததும் அரங்கமே அதிரும். பாரிடோனுக்கும் கீழே பாடும் பேஸ் பாடகர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பூசாரி, கிழட்டு ராஜா பாட்டுகள். தூக்கம்தான் வரும்.

அடித்தளம்:
அந்த ஏ ஃபிளாட்டை, ‘பாலியாச்சி’யை இயற்றிய லியோன்காவல்லோ எழுதவே இல்லை. பாடகர்கள் கைதட்டலுக்காகச் சேர்த்துக்கொண்டது. எழுதாத ஸ்வரத்தைக் காட்டி, எழுதிய பாட்டுகளை மட்டம் தட்டுகிறீர்கள். மோட்சார்ட் 1782இல் ஓஸ்மின் என்ற பேஸ் பாத்திரத்துக்குக் கொடுத்த வெற்றிப் பாட்டைக் கேட்டதுண்டா? தாழ்ந்த டி வரை இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். அது ஸ்கோரில், அதாவது எழுதிய இசைப்பிரதியில், இருக்கிறது.

உச்சஸ்தாயி:
எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? காதில் விழ வேண்டும். உங்கள் டி கடைசி வரிசைக்குக் கேட்குமா?

பாட்டுமாணவன்:
நான் பேஸ்-பாரிடோன், இரண்டுக்கும் நடுக்குரல். போட்டிக்கு ‘கார்மென்’ ஆபராவின் எஸ்காமிலியோ பாட்டை எடுக்கலாமா?

திரைமறைவு:
வேண்டாம் தம்பி. சரணம் தாழ்வாகக் கிடக்கும், பல்லவி மேலே ஏறும். பாரிடோனுக்குக் கீழே போதாது, பேஸுக்கு மேலே எட்டாது. மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யில் வேலைக்காரன் லெப்போரெல்லோவின் பட்டியல் பாட்டை எடு. எஜமான் மயக்கியது ஸ்பெயினில் மட்டும் 1003 பெண்கள் என்று கணக்கு வாசிக்கும் இடத்திலேயே உனக்கு நடிக்க வருமா என்பது தெரிந்துவிடும்.

அடித்தளம்:
இவர் பேச்சை நம்பாதே. ரோசினியின் பேஸ் பாட்டு ‘லா கலூன்யா’ சி மேஜர் சுருதியில் எழுதப்பட்டது என்று போன தடவை என்னோடு மல்லுக்கு நின்றவர். ரோசினி எழுதியது டி மேஜர். பேஸ் பாடகர்கள் சௌகரியத்துக்காக ஒரு டோன் இறக்கிப் பாடுகிறார்கள், அவ்வளவுதான்.

உச்சஸ்தாயி:
ஆகா! உங்கள் ஆட்கள் ஸ்கோரை இறக்கலாம், எங்கள் ஆட்கள் ஒரு ஸ்வரம் ஏறக்கூடாதா?

அடித்தளம்:
இறக்குவது வேறு, இல்லாததை ஒட்டவைப்பது வேறு. ஏ ஃபிளாட் ஸ்கோரில் இல்லை. ஓஸ்மின் பாட்டு லுட்விக் ஃபிஷர் என்ற ஒரு மனிதரின் தொண்டையை அளந்து எழுதியது. 1781 செப்டம்பரில் மோட்சார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஃபிஷரைப் பற்றிச் சொல்கிறார்: ‘பேஸுக்கு இவர் ரொம்பத் தாழ்வாகப் பாடுகிறார்’ என்று ஆர்ச்பிஷப் குறைப்பட்டாராம். ‘அடுத்த முறை மேலே பாடுவார்’ என்று மோட்சார்ட் பதில் சொன்னாராம். அந்த ஆர்ச்பிஷப்பின் காது இங்கேயும் சிலருக்கு வாய்த்திருக்கிறது.

கருந்திரை:
முன்னுரையை 1892இல் முதலில் பாடிய விக்டர் மோரெல்தான் 1887இல் வெர்டியின் ‘ஒதெல்லோ’வில் முதல் இயாகோ, அதன் வில்லன். இயாகோ பாடும் அந்த ‘கிரெடோ’வை ஏன் யாருமே சொல்லவில்லை? வெறுப்பை மட்டும் வைத்து அரங்கைக் கட்டிப்போடும் பாட்டு.

உச்சஸ்தாயி:
அதுவும் பாரிடோன் பாட்டுதான். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

அடித்தளம்:
இல்லை. நீங்கள் சொன்னது ஏ ஃபிளாட். அது ஸ்கோரில் இல்லை. வெர்டியின் ‘டான் கார்லோஸ்’ ஆபராவில் பேஸ் குரல் ராஜா பிலிப் தனிமையில் பாடுவதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வருகிறது என்பவரோடு குரலைப் பற்றி என்ன பேசுவது? செல்லோ தொடங்கும்போதே நெஞ்சு அடைக்கும்.

பாட்டுமாணவன்:
அப்போ பட்டியல் பாட்டையே எடுக்கட்டுமா?

அடித்தளம்:
முதலில் முன்னுரை ஸ்கோரைப் பார். ஏ ஃபிளாட் அச்சாகியிருந்தால் வந்து சொல்.

திரைமறைவு:
சி மேஜரில் எழுதப்பட்டது என்று நான் சொல்லவே இல்லை. சி மேஜரில்தான் அதிகம் கேட்கிறோம் என்றேன். வேண்டுமென்றால் பழைய பதிவைத் தோண்டி எடுங்கள்.

அடித்தளம்:
எடுக்கிறேன். இன்று ராத்திரியே.