டைமிங் செயினை இப்போதே மாற்ற வேண்டுமா?

காலையில் எஞ்சினை முதல்முறை இயக்கும்போது டைமிங் செயினை (கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குக் கடத்தும் சங்கிலி) மூடியிருக்கும் டைமிங் கவர் பக்கமிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது. சில விநாடிகளில் அடங்கிவிடும். எஞ்சின் சூடான பிறகு சத்தமே இல்லை.

வண்டி 2011 ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர் எஞ்சின், 1,72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊர் சேலம். செயினை இதுவரை மாற்றியதில்லை. பொங்கலுக்குப் பிறகு தொடங்கிய சத்தம் இப்போது சற்று நீண்டு கேட்கிறது. இழுவையிலும் மைலேஜிலும் குறையில்லை, புகையும் இல்லை.

கையேட்டில் உள்ள தரத்திலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். கொஞ்சம் குறைந்து, மறுபடியும் வந்துவிட்டது. ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் இயக்கிப் பார்த்தபோதும் சத்தம் அப்படியே இருந்தது. எனவே அந்த பெல்ட் ஓடும் புல்லியை நான் சந்தேகிக்கவில்லை. ஆயில் பிரஷர் விளக்கு உடனே அணைந்துவிடுகிறது. ஸ்கேனரில் கேம், கிராங்க் சென்சார் சார்ந்த பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை.

செயினுக்குக் காலக்கெடு கிடையாது, சத்தம் நிற்காமல் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், விலகாமல் ஓடவைக்கும் கைடு, அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் அனைத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். செயின் ஒரு பல் தாவினாலும் வால்வு பிஸ்டனில் இடித்துவிடுமோ என்பதுதான் என் பயம். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் இந்த வண்டியில்தான்.

இதே எஞ்சினில் செயின் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் மட்டும் சத்தம் வரும் இந்த நிலையிலேயே முழு செட்டையும் மாற்றிவிட வேண்டுமா, இன்னும் சில மாதங்கள் ஓட்டலாமா?