மாடரேட்டருக்குள் மாட்டிக்கொண்ட அடாப்டர்

நான் இருப்பது இங்கிலாந்தில். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப்பில் இலக்கு அட்டையைச் சுடுவதோடு சரி, வேட்டை எல்லாம் கிடையாது. என் பழைய ஸ்பிரிங் ஏர் ரைபிளின் குழல் நுனியில் மரை இல்லை. அதனால் 15 மில்லிமீட்டர் குழல்மேல் செருகி கிரப் ஸ்க்ரூவால் (தலை இல்லாத குட்டித் திருகு) இறுக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதன் முன்பக்க மரையில் மாடரேட்டரை, அதாவது சத்தத்தைக் குறைக்கும் குழாயை, திருகி வைத்திருந்தேன். ஐந்து வருடம் கழற்றவே இல்லை. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

உண்மையைச் சொன்னால் அந்த ரைபிளுக்கு மாடரேட்டர் ஓர் அலங்காரம்தான். ஸ்பிரிங் ரைபிளின் சத்தத்தில் பெரும்பங்கு உள்ளே பிஸ்டன் இடிப்பது. போன குளிர்காலம் பிசிபி, அதாவது முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றால் சுடும் ரைபிள், வாங்கியபோதுதான் மாடரேட்டருக்கு நிஜமான வேலை வந்தது. இங்கே உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு வரம்பு. அந்தச் சக்தியில் வழக்கமான பெல்லட் (ஈயக் குண்டு) ஒலி வேகத்தைத் தாண்டாது. அதனால் காதில் அறைவது குழல் வாயில் சீறும் காற்றுதான். புது ரைபிளில் இங்கே எல்லோரும் பயன்படுத்தும் அரை அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான சுற்றுள்ள அங்குல அளவு) மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. பழைய மாடரேட்டரும் அதே மரை. கழற்றி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்.

அசையவில்லை. பெல்லட் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிரப் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன். அடாப்டரும் மாடரேட்டரும் ஜோடியாகக் கையோடு வந்துவிட்டன.

அடாப்டர் கட்டைவிரல் மொத்தத்தில் மழமழவென்று ஓர் உருளை. ஸ்பேனர் பிடிக்க இடமே இல்லை. ராத்திரி முழுக்க டபிள்யூடி-40 எண்ணெய் ஊற்றி வைத்தேன். காலையில் மோல் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்துத் திருகினேன். அடாப்டர் திரும்பவில்லை, நசுங்கி முட்டை வடிவம் ஆனது. அப்புறம் மாடரேட்டர் உடம்பில் ரப்பர் பட்டை ஸ்பேனரைச் சுற்றி இழுத்தேன். கிர்ரென்று சத்தம். கழன்றுவிட்டது என்று ஒரு குதி குதித்தேன். கழன்றது அடாப்டர் இல்லை, மாடரேட்டரின் பின்மூடி. ஸ்பிரிங்கும் ஃபெல்ட் வளையங்களும் சமையலறை மேசை முழுக்க உருண்டன. "என்னங்க இது, தலையணை பிரிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அந்த விபத்துதான் கைகொடுத்தது. இப்போது கையில் இருப்பது வெறும் மூடியும் அதில் இறுகிய அடாப்டரும். சூடு காட்டினால் கருக ஃபெல்ட் இல்லை. கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், காலமெல்லாம் லேத்தில் நின்றவர். அவர் முதலில் கேட்டது, எது இரும்பு, எது அலுமினியம்? இரண்டுமே கறுப்பு, எனக்குத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். அடாப்டரில் ஒட்டியது, மூடியில் ஒட்டவில்லை. உள்ளே ஸ்டீல், வெளியே அலுமினியம் என்றால் சூடு நம் பக்கம். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கொதிநீரில் போட்டால் இந்த அளவு மரையில் கிடைப்பது 0.01 மில்லிமீட்டர்தான், ஆனால் அது போதும். மாறி இருந்தால், அதாவது உள்ளே அலுமினியம், வெளியே ஸ்டீல் என்றால், ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்.

நசுங்கிய பகுதியைத் தட்டி வட்டமாக்கி, மறுபடி நசுங்காமல் இருக்க 15 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை உள்ளே செருகி, மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கினோம். கொதிக்கும் தண்ணீரை மூடிமேல் நிதானமாக ஊற்றி, கையுறையோடு பட்டையை இழுத்தார். டக். அவ்வளவுதான். மரை முழுக்க வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்த பொடி. ஐந்து வருட மழை ஈரம்.

* * *

அண்ணா, உங்க பதிவைப் படிச்சேன். எனக்கு இறுகினது வேற காரணம். செகண்ட் ஹேண்டில் வாங்கின மாடரேட்டர், முன்னாடி வச்சிருந்தவர் மரையில கழலாம இருக்கப் போடுற சிவப்பு பசை போட்டிருக்கார். அது கொதிநீருக்கு அசையாது, 250 டிகிரி பக்கம் சூடு வேணும். என்னோடது பிரிக்க முடியாத வகை, ஹீட் கன் காட்டினா உள்ள இருக்கிறது போச்சு. கடைசியில சால்டரிங் அயர்ன் முனையை அடாப்டர் துளைக்குள்ள விட்டு, மாடரேட்டர் உடம்புல ஈரத்துணி சுத்தி, பத்து நிமிஷம் வச்சேன். கருகின நாத்தம் வந்ததும் சூட்டோட திருப்பினேன், வெண்ணெய் மாதிரி வந்துச்சு. ஆறவிட்டுத் திருப்பினா பசை திரும்பப் பிடிச்சுக்கும், அதுல கவனம். ஜன்னலைத் திறந்து வைங்க.

* * *

நானும் ஒரு வாசகன், ஆனால் என்னுடையது தோற்ற கதை. பொறுமை இல்லை. ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு அடாப்டரை நீளவாக்கில் அறுத்து, உளியால் மடக்கி எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மரையின் கடைசிச் சுற்று தெரியும்போது நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. பிளேடு அலுமினிய மரையையும் சேர்த்து அறுத்துவிட்டது. இப்போது அந்த மாடரேட்டரில் பேனா வைத்திருக்கிறேன்.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். தம்பி சொன்ன சால்டரிங் அயர்ன் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, நல்லது. ஒன்று விட்டுப்போச்சு. கழற்றிய பிறகு புது ரைபிளில் மாட்டிச் சுட்டேன், 25 கெஜத்தில் குண்டுகள் சிதறின. கழற்றிப் பார்த்தால் மாடரேட்டரின் முன் துளையில் இடது ஓரமாக ஈயக் கீறல். பெல்லட் உரசிக்கொண்டு போயிருக்கிறது. மரைக்கு அடியில் குழலின் தோள் வந்து உட்காரும் இடத்தில் அந்த வெள்ளைப் பொடி கொஞ்சம் கட்டியாக மிச்சம். அதனால் மாடரேட்டர் துளி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துளி கிரீஸ் தடவி மாட்டினேன். அடுத்த ஞாயிறு ஐந்து குண்டும் ஒரு பென்னி நாணயத்துக்குள்.