முடக்கொத்தான் ரசமும் அம்மாவின் முழங்காலும்

இலங்கை வன்னியின் ஒட்டுசுட்டானிலிருந்து:
ஐப்பசி மழை நாலு விழுந்தால் போதும், எங்கள் வளவு வேலி முழுக்க முடக்கொத்தான் கொடி ஏறிவிடும். அம்மா விடியவே சுளகோடு வேலியடிக்குப் போவார். இளம் நுனியாகப் பார்த்துத்தான் கிள்ளுவார். முற்றிய இலை சரியான கசப்பு.

வருடக்கணக்காக வயலில் குனிந்து நாற்று நட்ட முழங்கால் அவருடையது. மாரி தொடங்கினால் பாயிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டும். மிளகு, நற்சீரகம், மல்லி, நாலு பல்லு உள்ளி எல்லாம் தட்டி, பழப்புளிக் கரைசலில் கொதிக்கவிட்டு, இறக்கப்போகும் நேரம் ஒரு கைப்பிடி இலை போடுவார். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் அந்த ரசம்தான். ஒரு மாதம் போல குடித்த பிறகு ஒருநாள் சுவரைப் பிடிக்காமல் எழும்பி நின்றார். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். நோ முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பிடிப்பு இளகியது. கிளினிக்கில் தந்த குளிசையையும் அவர் நிறுத்தவில்லை. முடக்கை, அதாவது மூட்டுப் பிடிப்பை, அறுப்பதால்தான் இந்தக் கொடியை முடக்கறுத்தான் என்று சித்த வைத்தியத்தில் சொல்வார்கள்.

நெடுங்கேணியிலிருந்து:
உண்மை அக்கா. என் பிள்ளைகள் ரசத்தைத் தொடமாட்டார்கள், அதனால் இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுவேன். கசப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒன்று, முதல்முறை ஆசைப்பட்டு நிறையப் போட்டு, அன்று முழுக்க எனக்கு வயிற்றால் போனது. மலத்தை இளக்கும் இலை இது, கொஞ்சமாகத் தொடங்குங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவே வேண்டாம்.

துணுக்காயிலிருந்து:
கொடியைத் தெரியாதவர்கள் காயைப் பாருங்கள். காற்றடைத்த பை மாதிரிப் பச்சையாகத் தொங்கும். சின்ன வயதில் நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்க வைப்போம். உள்ளே கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக இதய வடிவில் ஒரு பொட்டு.

போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கண்ணிவெடிப் பயத்தில் காட்டுப் பக்கம் இலை பிடுங்கவும் போக முடியாது. வேலி இருந்த இடத்தில் மிஞ்சிய ஒரு கட்டையில் முடக்கொத்தான் சுற்றி நின்றது. அம்மம்மா அதைத்தான் கிள்ளினார். நிவாரண அரிசிச் சோற்றுக்கு அன்று அந்த ரசம்தான் கறி.